கையெழுத்து: அப்பாவைப் பற்றி ஒரு கவிதை, கடைசிப் பத்தி இருக்கட்டுமா?

நீலப்பேனா:

எட்டு மாதமாக எழுதுவதும் அடிப்பதுமாக இருந்த கவிதை இது. வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதல் நாள் கோபத்தில் வருகிறது, மறுநாள் அழுகையில் வருகிறது. இரண்டையும் நான் நம்பவில்லை. இது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் கடைசி இரண்டு வரிகள் உறுத்துகின்றன. எடுத்துவிட்டால் கவிதை அந்தரத்தில் தொங்குகிறது. வைத்தால் பொய்யாக ஒலிக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள்.

கையெழுத்து

மதிப்பெண் அட்டையில்
முதல் எழுத்தைச் சுழித்து
கடைசி எழுத்துக்கு அடியில்
ஒரு கோடு இழுப்பார்.
அந்தக் கோடு விழும்வரை
எனக்கு மூச்சு வந்ததில்லை.

எட்டாம் வகுப்பில்
பழைய நோட்டில் நாற்பது பக்கம்
அவர் பெயரை எழுதிப் பழகினேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில் வந்தது
அவர் போட்டதைவிட அவருடையதாக இருந்தது.

பிடிபட்ட மாலை
எழுதிய கையை மட்டும் அடித்தார்.
இடது கையைத் தொடவேயில்லை.

அதே விரல்கள்தாம்
பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு
என் நோட்டுகளுக்கு அட்டை போட்டவை.
மடிப்பை நகத்தால் அழுத்தி
மூலை பிசகாமல்,
என் பெயரை என்னைவிட அழகாக எழுதியவை.

இன்று வங்கியில்
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்கிறார்கள்.
மூன்று படிவம். மூன்று நடுக்கம்.
கைநாட்டு வைத்துவிடலாமே என்றார் அலுவலர்.
அப்பா என்னைப் பார்த்தார்.

அவருடைய கையெழுத்து
இந்த உலகத்தில் இப்போது
என் கையில் மட்டும் இருக்கிறது.

அப்பா, உன்னை மன்னித்துவிட்டேன்.
நீயும் என்னை மன்னித்துவிடு.

---

படித்துறை:

"இடது கையைத் தொடவேயில்லை." இந்த வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. எங்கள் அப்பா அடித்ததே கிடையாது. பேசாமல் இருப்பார். மூன்று நாள், நான்கு நாள். இன்றும் வீட்டில் யாராவது சற்று நேரம் பேசாமல் இருந்தால் நான் என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

கவிதையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லட்டும். எனக்கு இது போதும்.

---

வெள்ளெருக்கு:

நண்பரே, உங்கள் உறுத்தலுக்கு ஒரு காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. கவிதை முழுக்க அவர், இழுப்பார், அடித்தார், பார்த்தார் என்று போகிறது. கடைசி இரண்டு வரியில் திடீரென்று "உன்னை", "நீயும்". நிஜத்தில் உங்கள் அப்பாவை நீ என்று கூப்பிட்டதுண்டா? எனக்குச் சந்தேகம்.

நம் மொழியில் அம்மாவை நீ, வா, போ என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகளே அப்பா என்று வரும்போது நீங்கள், வாங்க, போங்க என்று மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மரியாதை என்று அதற்குப் பெயர். அதற்குள் ஒரு தூரமும் இருக்கிறது. "அடித்தார்" என்று எழுதும்போது அடித்த கைக்கும் சேர்த்து அந்த "ஆர்" விகுதி மரியாதை கொடுத்துவிடுகிறது. வேறு மொழிக்கு இந்தக் கவிதையைக் கொண்டுபோனால் இது அங்கே போய்ச் சேருமா என்று தெரியவில்லை. தமிழில் எழுதுகிற மகனுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் கவிதையின் பாதி வலிமை அந்த விகுதியில் இருக்கிறது. கடைசியில் நீங்களே அதைக் கழற்றி எறிந்துவிட்டீர்கள்.

கடவுளை நீ என்று கூப்பிடுகிறோம், செத்துப்போனவரை நீ என்று அழுகிறோம். உயிரோடு வங்கியில் பக்கத்தில் நிற்கிற அப்பாவை நீ என்று சொன்னதும், அவர் இறந்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. அவர் இருக்கிறார் அல்லவா?

---

நீலப்பேனா:

இருக்கிறார் அம்மா. எழுபத்தொன்பது. பக்கத்து அறையில்தான் இருக்கிறார், நான் இதைத் தட்டச்சு செய்யும்போது அவர் இருமுவது கேட்கிறது.

நீ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நீங்கள் சொல்லும்வரை இதை நான் கவனிக்கவே இல்லை.

---

கோடையிடி:

எல்லாரும் பாராட்டும் இடத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். "எழுதிய கையை மட்டும் அடித்தார்" என்ற வரியைப் படிப்பவர்கள் அதில் ஒரு நியாயத்தைக் காண்கிறார்கள். தப்புச் செய்த கைக்கு மட்டும் தண்டனை, எவ்வளவு அளந்து அடிக்கிற மனிதர் என்று. பதின்மூன்று வயதுப் பையனின் கை அது. உங்கள் கவிதை அந்த அடியை அழகாக்கிவிட்டது. அதற்கு அடுத்த பத்தியிலேயே நோட்டுக்கு அட்டை போடுகிறார். கணக்குச் சரியாகிவிட்டது. முடிவில் மன்னிப்பு.

என் அப்பா எந்தக் கை என்று பார்த்து அடித்தவர் இல்லை. அவரும் நல்லது செய்திருக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவு முழுக்க முழங்காலில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றுவார். அதனால் என்ன? அந்தத் துணி இந்தப் பெல்ட்டைத் துடைத்துவிடாது. அப்பா கவிதை எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் அழுதுவிடுகிறார்கள், படிக்கிறவர்களும் அழுதுவிடுகிறார்கள், அடி வாங்கிய பிள்ளை மட்டும் கவிதைக்குள்ளேயே நின்றுபோகிறான்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கவிதை நன்றாக இருப்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

---

பழைய நாட்காட்டி:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வயது எழுபத்து நான்கு. இந்தக் கவிதையில் நான் மகன் இல்லை, அப்பா. அதனால் எழுதுகிறேன்.

கோடையிடி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் சொன்னது சரி. நானும் என் மூத்தவனை அடித்திருக்கிறேன். அளந்து அடித்தேன் என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். அளவு அடிக்கிறவனுக்குத்தான் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. இதை எனக்குப் புரியவைக்க அவன் வாயைத் திறந்ததில்லை. அவன் பிள்ளை ஒருநாள் பாலைக் கொட்டியபோது நான் கையை ஓங்கினேன், நாற்பது வயது ஆள் குறுக்கே வந்து நின்றான். அவ்வளவுதான். நான் கையைக் கீழே போட்டேன்.

இப்போது கவிதைக்கு வருகிறேன். "மூன்று நடுக்கம்" என்பது வெளியிலிருந்து பார்த்து எழுதியது. எனக்கு நடுக்கவாதம் வந்து ஆறு ஆண்டாகிறது. எனக்குப் பேனா பிடித்தால் கை ஆடுவதைவிட வேறொன்றுதான் தெரிகிறது. எழுத்து சுருங்குகிறது. முதல் எழுத்து நினைத்த அளவில் வரும். இரண்டாவது கொஞ்சம் சின்னதாகும். பெயர் முடிவதற்குள் எறும்பு ஊர்ந்தது போல ஆகிவிடும். பெரிதாக எழுது, பெரிதாக எழுது என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும், கை கேட்காது. இந்த நோயில் இது வழக்கமாக வருவதுதான் என்று மருத்துவர் சொன்னார். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது இதுவா அல்லது வயதில் வரும் வெறும் கைநடுக்கமா என்று எனக்குத் தெரியாது. வெறும் நடுக்கம் என்றால் எழுத்து கோணும், சுருங்காது. அந்தப் படிவங்களை நினைத்துப் பாருங்கள். அவர் எழுத்து கோணியதா, சுருங்கியதா?

இன்னொன்று. கைநாட்டு என்ற சொல்லைக் கவிதையில் வைத்ததற்கு உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வங்கிக்காரர் உதவிதான் செய்தார், அவர் பேரில் குற்றமில்லை. ஆனால் எங்கள் தலைமுறையில் படித்து மேலே வந்தவனைப் பார்த்துக் கைநாட்டு என்று சொல்வதைவிடப் பெரிய வசவு கிடையாது. படிப்பு இல்லாதவன் என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டுப் பழகிய நாளில் இனி நம்மை யாரும் அப்படிச் சொல்ல முடியாது என்று நினைத்தவன் நான். உங்கள் அப்பா உங்களைப் பார்த்தாரே, அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

---

நீலப்பேனா:

ஐயா, சுருங்கியது. முதல் எழுத்தில் அந்தச் சுழி அப்படியே வந்தது, பழைய மாதிரியே. நான் கூட "வந்துவிட்டது" என்று நினைத்தேன். அடுத்த எழுத்திலிருந்து சிறுத்துக்கொண்டே போய், கடைசி எழுத்து ஒரு புள்ளி. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதும்போது "நடுக்கம்" என்று எளிதான சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். இதுவரை யாரும் இதற்குப் பெயர் வைத்துச் சொல்லவில்லை.

கோடையிடி, உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். இப்போது முடியவில்லை.

---

ஏட்டுச்சுவடி:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுதான் முதல் வேலை.

கவிதையைப் பற்றி எனக்குத் தோன்றியது இது. கைகளைப் பற்றிய கவிதை என்பதால் திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழாம் அதிகாரம், 61 முதல் 70 வரை. பள்ளியில் படித்தபோது பத்தும் ஒரே மாதிரி பெருமை பேசுவதாகத்தான் பட்டது. இப்போது வரிசையாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது.

64இல் பிள்ளையின் கை வருகிறது: "சிறுகை அளாவிய கூழ்". 65இல் பிள்ளையின் உடம்பைத் தொடுவது: "மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்". 66இல் மழலை. இந்த மூன்றிலும் தொடுகை, குரல், சுவை. 67இல் ஒரே தாவாக அவைக்குப் போய்விடுகிறோம்: "தந்தை மகற்காற்றும் நன்றி அவையத்து முந்தி இருப்பச் செயல்." 70இல் மகன் தந்தைக்குத் திருப்பிச் செய்வது, இவனைப் பெற இவன் தந்தை என்ன நோன்பு நோற்றானோ என்று ஊரார் சொல்லும் சொல். நடுவில் 69இல் தாய் மட்டும் மகனைச் சான்றோன் எனக் கேட்டு, பெற்ற நாளைவிட அதிகமாக உவக்கிறாள். தந்தை என்று பெயர் சொல்லி வரும் இரண்டு குறளிலும் உவப்பு என்ற சொல்லே இல்லை. நன்றி, உதவி, செயல், சொல். எல்லாம் கடமை. எல்லாம் பிறர் முன்னிலையில்.

66க்கும் 67க்கும் இடையில் அந்தத் தொடுகை எங்கே போயிற்று? கூழை அளாவிய கை எப்போது அவையில் உட்காரும் கையாக மாறியது? அந்த இடைவெளியில் நடப்பதைப் பற்றி அதிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கவிதை அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம். அட்டை போடும் இரவு இருக்கிறதே, அங்கேகூட அவர் உங்களைத் தொடவில்லை, நோட்டைத்தான் தொடுகிறார். அடிக்கும்போது மட்டும்தான் கை கையில் படுகிறது. நீங்கள் தெரிந்து செய்தீர்களா தெரியவில்லை.

---

கோடையிடி:

அடிக்கும்போது மட்டும்தான் கை கையில் படுகிறது.

இதை நான் பார்க்கவில்லை. பார்த்த பிறகு "அழகாக்கிவிட்டது" என்று சொன்னதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மன்னிப்பு வரிகளைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

---

ஒற்றையடி:

எல்லாரும் கோபமா பாசமா என்று கேட்கிறீர்கள். பெரியவரை மன்னிப்பதா வேண்டாமா என்று. எனக்கு இந்தக் கேள்வியே பொருந்தவில்லை. நான் மனநல ஆலோசகராக இருக்கிறேன், அப்பாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் "எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது" என்றுதான் தொடங்குகிறார்கள். குழப்பம் என்பது தெளிந்துவிடக் கூடியது. கலங்கிய தண்ணீர் போல, காத்திருந்தால் அடியில் தங்கிவிடும். இது அப்படி இல்லை. ஒரே ஆளின் மேல் இரண்டு எதிர் உணர்ச்சிகள், ஒன்று மற்றொன்றைக் குறைக்காமல், இரண்டும் முழுதாக, ஒரே நேரத்தில் இருப்பது. இதற்கு மருத்துவத்தில் ஆம்பிவேலன்ஸ் என்று பெயர் வைத்தவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர், 1910இல். தமிழில் இருமனம் என்று சொல்லலாம், தயக்கம் என்ற பொருளும் அதற்கு வந்துவிடுவதுதான் சிக்கல்.

கோடையிடியின் ஈரத்துணியையும் பெல்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றொன்றைத் துடைக்காது என்று அவரே சொன்னார். அதுதான் விஷயம். துடைக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் ஆள் சோர்ந்துபோகிறார். நல்ல அப்பா என்றோ கெட்ட அப்பா என்றோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். முடிவுக்கு வந்த மறு மாதமே விட்டுப்போன பாதி கனவில் வந்து நிற்கிறது.

நீலப்பேனாவின் மன்னிப்பு வரிகள் அப்படி ஒரு தீர்ப்பு. கவிதை அதுவரை தீர்ப்பே சொல்லவில்லை.

---

படித்துறை:

மறுபடி நான். கவிதையை அப்பாவிடம் காட்டுவீர்களா? காட்டினால் என்ன ஆகும்?

---

சாம்பல்நாரை:

காட்டலாமா கூடாதா என்ற கேள்வி வந்ததால் சொல்கிறேன். எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1919 நவம்பரில், முப்பத்தாறு வயதில், தன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையால் எழுதியது நூறு பக்கத்துக்கும் மேல். அப்பாவைக் கண்டால் ஏன் பயம் என்று அவர் கேட்டதற்குப் பதிலாக எழுதியது. அது அப்பாவின் கைக்குப் போகவே இல்லை. அம்மாவிடம் கொடுத்து அனுப்பியதாகவும், அவர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். மகன் இறந்து 28 ஆண்டுக்குப் பிறகு, 1952இல், அது அச்சில் வந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

அந்தக் கடிதத்தில் எனக்கு மறக்காத இடம் எது என்றால், கடைசிப் பகுதியில் மகன் அப்பாவின் குரலிலேயே தனக்கு எதிராக வாதாடுகிறார். நீ குற்றம் சாட்டுவதே ஒரு தந்திரம்தான் என்று அப்பா சொல்வதுபோல எழுதி, அதற்கும் பதில் சொல்கிறார். அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அப்பாவின் பதில் அவருக்குள்ளேயே தயாராக இருந்திருக்கிறது.

உங்கள் கவிதையில் அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை, நீலப்பேனா. அலுவலர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், அப்பா பார்க்கிறார். நிஜத்தில் வங்கியில் அவர் என்ன சொன்னார்?

---

நீலப்பேனா:

இரண்டு நாளாகச் சாம்பல்நாரையின் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், மருத்துவரிடம் போய் வந்தோம். பழைய நாட்காட்டி ஐயா சொன்னதுதான். மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேனாவும் தாளும் கேட்டார்.

இப்போது வங்கியில் நடந்தது. நான் கவிதையில் எழுதாமல் விட்டது.

அலுவலர் கைநாட்டு என்றதும் அப்பா என்னைப் பார்த்தார் என்று எழுதினேன். பார்த்தது உண்மை. ஆனால் உடனே திரும்பிக்கொண்டு இன்னொரு படிவம் கேட்டார். நான்காவது படிவம். நான் அவருக்கு உதவுவதாக நினைத்து, கை ஆடாமல் இருக்கட்டும் என்று, அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்புதான் தட்டுப்பட்டது. வாட்ச் பட்டை தளர்ந்து முழங்கைப் பக்கம் ஏறியிருந்தது. என் நினைவு தெரிந்து நானாக அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஏட்டுச்சுவடி எழுதியதைப் படித்தபோது அதனால்தான் திடுக்கிட்டேன்.

"கையை எடு" என்றார். சத்தமாகக்கூட இல்லை. வரிசையில் பின்னால் நின்றவருக்குக் கேட்டிருக்காது.

எனக்கு நாற்பத்தாறு வயது. என் கை தானாகப் பின்னால் போயிற்று. போனதோடு நிற்கவில்லை, முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வலது கை. அந்த அலுவலர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். நான் அப்படியே, பள்ளிக்கூடத்தில் நிற்பது போல, கை பின்னால் கட்டி நின்றுகொண்டிருந்தேன்.

இதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம். நாற்பத்தாறு வயது ஆள் எழுபத்தொன்பது வயதுக் கிழவரைக் கண்டு கையை ஒளித்துக்கொண்டான் என்று எப்படி எழுதுவது? அதற்குப் பதிலாகப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டதாக எழுதினேன். வங்கியில் என் மனத்தில் மன்னிப்பு என்ற எண்ணமே இல்லை. ஒரு கணம் பயம். அடுத்த கணம் கோபம், உதவ வந்தால் இப்படியா என்று. அதற்கும் அடுத்து, அவர் மறுபடி குனிந்து முதல் எழுத்தைச் சுழிக்கத் தொடங்கியபோது, சுழி சரியாக விழ வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதிப்பெண் அட்டைக்கு நின்றது போலவே.

நான்காவதும் ஒத்துப்போகவில்லை. புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் சுழி இல்லை, கோடு இல்லை. வெறும் பெயர், சின்னப் பிள்ளை எழுதியது போல எழுத்து எழுத்தாக.

கோடையிடி, உங்களுக்குப் பதில் இதுதான். அந்தப் பையன் கவிதைக்குள் நின்றுபோகிறான் என்றீர்கள். வங்கியிலும் நின்றுகொண்டிருந்தான்.

---

வெள்ளெருக்கு:

இதை அப்படியே எழுதுங்கள். வேறு ஒன்றும் சேர்க்காதீர்கள்.

---

கோடையிடி:

முதுகுக்குப் பின்னால் போன கை. நானும் வெளியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா இறந்து பதினொரு ஆண்டாகிறது. வீட்டுக்குள் யாராவது இடுப்பு பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டால் இன்றும் வேறு அறைக்குப் போய்விடுவேன். அதே சமயம், எனக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத்துணியை நானே பிழிந்து போட்டுக்கொள்ள மாட்டேன். யாரும் போட வேண்டாம் என்பேன். யாருக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

எழுதுங்கள்.

---

ஏட்டுச்சுவடி:

எழுதும்போது சின்னச் சின்னக் கவனங்கள். "இந்த உலகத்தில்" என்பது வேண்டாம், "என் கையில் மட்டும்" என்றாலே போதும். மாதிரிக் கையெழுத்தைப் பற்றி நீங்கள் எழுதியது மிக நன்றாக இருக்கிறது, அதனால்தான் எச்சரிக்கிறேன்: அதைக் கவிதையில் கொண்டுவந்தால் அவர் மேல் இரக்கம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கை பின்னால் போகும் இடத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

நாற்பது பக்கப் பயிற்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவைப் பார்த்துப் பயந்த பையன் அவரை நாற்பது பக்கம் உற்றுப் பார்த்திருக்கிறான். சுழி எங்கே தொடங்குகிறது, கோடு எவ்வளவு நீளம், எங்கே அழுத்துகிறார் என்று. அதற்கு வேறு பெயரும் இருக்கிறது. நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டது மிகச் சரி. தொடாதீர்கள்.

---

கரிசல்குயில்:

தாமதமாக வந்தேன். ஒன்றே ஒன்று. மகனோடு பிணங்கிய தந்தை நம் பழம்பாட்டில் இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. புறநானூறு 213 இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் மேலேயே படையெடுத்துப் போக எழுகிறான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் தடுக்கிறார். அவர் பாசத்தைப் பற்றிப் பேசவில்லை, மன்னிக்கச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கிறார்: அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுப்போவாய்? நீ தோற்றால் உன்னை இகழ்பவர்கள் மகிழ்வார்களே? ஜெயித்தாலும் இழப்பு, தோற்றாலும் இழப்பு. சோழன் போரைக் கைவிட்டு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர் விடுகிறான். அவன் பக்கத்தில் வந்து உட்காருவது நண்பன் பிசிராந்தையார், அதைத்தான் பாட்டுகள் கொண்டாடுகின்றன. தந்தையும் மக்களும் சமாதானமான பாட்டு ஒன்றும் நம் கைக்கு வரவில்லை. சண்டை நின்றது, அவ்வளவுதான். அது போதுமென்று அந்தப் புலவர் நினைத்திருக்கிறார்.

---

நீலப்பேனா:

முதல் நான்கு பத்தியில் கை வைக்கவில்லை. அதற்குப் பிறகு இப்படி:

இன்று வங்கியில்
கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்கிறார்கள்.
முதல் எழுத்து சுழிந்தது.
அடுத்தது சிறுத்தது.
கோடு இழுக்க இடமிருந்தது,
மேலே எழுத்து இல்லை.
கைநாட்டு வைத்துவிடலாமே என்றார் அலுவலர்.
அப்பா நான்காவது படிவம் கேட்டார்.

அவருடைய கையெழுத்து
இப்போது என் கையில் மட்டும் இருக்கிறது.
அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.
கையை எடு என்றார்.
எடுத்து
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்,
எழுதிய கையை.

---

படித்துறை:

"எழுதிய கையை" என்பது இரண்டாம் முறை வரும்போது, முதல் முறை வந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படித்தேன். அங்கே இப்போது வேறு மாதிரி இருக்கிறது.

---

ஒற்றையடி:

இதில் அவரை விரும்புகிறீர்களா வெறுக்கிறீர்களா என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. நன்றி.

---

பழைய நாட்காட்டி:

தம்பி, மூன்று முறை படித்தேன். பிறகு என் மூத்தவனுக்கு அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல். அவன் பார்த்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் வரவில்லை, வர வேண்டும் என்றும் இல்லை.

உங்கள் அப்பா கையை எடு என்றது உங்களை விரட்டுவதற்காக இல்லை என்று ஒரு அப்பாவாக எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. பிடித்துக்கொடுத்துப் போட்ட கையெழுத்து தன்னுடையது ஆகாது என்று அவருக்கு இருந்திருக்கும். ஆனால் இதைக் கவிதையில் சேர்க்காதீர்கள். அது அவர் சொல்ல வேண்டியது, நீங்களோ நானோ சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சிறு யோசனை மட்டும். "கையை எடு என்றார்" என்பதற்கும் "எடுத்து" என்பதற்கும் நடுவில் ஒரு வரி இடைவெளி விட்டால் என்ன? அந்தச் சொல் கொஞ்சம் நிற்கட்டுமே.

---

நீலப்பேனா:

விட்டுப் பார்த்தேன் ஐயா. இடைவெளி விட்டால் நான் யோசித்துவிட்டுக் கையை எடுத்தது போல ஆகிவிடுகிறது. அன்றைக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை. அதனால் சேர்த்தே இருக்கட்டும்.